வாடின செடிக்கு உரம் போடலாமா?

செடி கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். அம்மா ஷா ஆலாமில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) வீடு சில மாதம் பூட்டியே கிடந்தது. ஹாலில் அம்மா ஆசையாக வளர்த்த பீஸ் லில்லி காய்ந்து, பாதி இலை மஞ்சளாகிவிட்டது. போன உடனே நிறைய தண்ணீர் ஊற்றினேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் மாமா ஒரு கைப்பிடி உரம் கொடுத்தார், அதையும் போட்டேன். இப்போது இலை நுனியெல்லாம் கருகி, செடியே சாய்ந்துவிட்டது. அம்மா தீபாவளிக்கு வருவார். செடி பிழைக்குமா?
வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: தங்கச்சி, இலையைப் பார்த்து மனசு உடைந்துவிடாதீர்கள். இந்தச் செடிக்கு உயிர் அடியில் இருக்கிறது. மண்ணை லேசாக விலக்கி, இலைக்காம்புகள் சேரும் அடிக்கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று விரல் உள்ளே போனால் அந்தப் பகுதி போய்விட்டது. பக்கத்துக் குருத்து ஏதாவது கெட்டியாக இருக்கிறதா என்று தேடுங்கள், அது ஒன்று போதும்.

உங்கள் செடிக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். தாகத்தால் மட்டும் வாடின பீஸ் லில்லி, தண்ணீர் கிடைத்த சில மணி நேரத்தில் தானாக நிமிர்ந்துவிடும். உங்களுடையது நிமிரவில்லை. காய்ந்து வேர் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் உரம் விழுந்திருக்கிறது. மண்ணில் உப்பு அதிகமானால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இருக்கிற ஈரமும் வேரை விட்டு வெளியேறும். நுனி கருகியது அதனால்தான். மாமா நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அது செம்பனைக்குப் போடுகிற உரம். வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்குக் கிலோ கணக்கில் சாப்பிடும். நான் செம்பனை நர்சரியில் பல வருஷம் வேலை பார்த்தவள். அங்கே பாலிபேக்கில், அதாவது பிளாஸ்டிக் பையில், வளரும் கன்றுக்கு உரத்தைச் சின்னக் கரண்டியில் அளந்து, தண்டில் படாமல் தள்ளித்தான் தூவ வேண்டும். தண்டோடு ஒட்டிப் போட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் விடவே மாட்டார். நன்றாக இருக்கிற கன்றுக்கே அவ்வளவு கவனம். நோயாளிச் செடிக்கு உரமே வேண்டாம்.

இன்றைக்கே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். தொட்டியைச் சாய்த்து ஓரத்தைத் தட்டினால் மண்ணோடு வரும். பழைய மண்ணை உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். அழுகின வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். கெட்ட வாடையும் அடிக்கும். அப்படிப்பட்டதை எல்லாம், ஸ்பிரிட் தடவித் துடைத்த கத்திரியால் வெட்டி எறியுங்கள். மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறதே என்று பயந்து அழுகலை விட்டுவைக்காதீர்கள், அது பரவும். மஞ்சளான இலைகளையும் அடியோடு நறுக்குங்கள். குறைந்த வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது.

மண் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. நம் வீட்டுப் பக்கத்துச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் அடைத்தால் இறுகிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது. தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு கை. நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள். தொட்டி பெரிதாக வேண்டாம். மிஞ்சின வேர் அளவுக்குச் சற்றே பெரியது, அடியில் ஓட்டை உள்ளதாக இருந்தால் சரி. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடியும் அழுகல் வரும்.

வைக்கிற இடம் வாசல் வராண்டா. வெளிச்சம் வேண்டும், மத்தியான வெயில் நேராகப் படக்கூடாது. அமெரிக்கக் கண்டத்து வெப்பக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற இனம் இது. நம் ஊர்ப் புழுக்கம் அதற்குப் பிடித்தமானது, மூடின ஹாலின் இருட்டுதான் ஆகாது. இருட்டில் சும்மா உயிரோடு நிற்கும், பூ விடாது.

தண்ணீர் ஊற்றக் கிழமை கணக்கு வைக்காதீர்கள். நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் தொட்டியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் கைக்குப் பழகட்டும். அப்புறம் தினமும் தூக்கிப் பார்த்து, நன்றாக லேசானால் மட்டும் ஊற்றுங்கள். நர்சரியில் நாங்கள் பாலிபேக்கைத் தூக்கியே ஈரத்தைச் சொல்லிவிடுவோம். நடுவிலிருந்து புது இலை பச்சை ஊசி மாதிரி சுருண்டு எட்டிப் பார்த்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சில வாரம் ஆகும், பொறுங்கள். இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு, கடையில் விற்கும் பூச்செடி உரத்தை, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் கால் பங்கு மட்டும் கரைத்து ஊற்றலாம்.

தீபாவளிக்குள் பழைய புதராக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு நாலு புது இலையைக் காட்டலாம். வெள்ளைப் பூ அதற்குப் பிறகுதான். இன்னொன்று: இதன் சாறு வாயில் பட்டால் எரியும், வீங்கும். சின்னப் பிள்ளை, பூனை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: அக்கா, கண்ணாடிப் போத்தலில் தண்ணீரில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேன். ஏடிஸ் கொசு வரும் என்று வீட்டில் திட்டுகிறார்கள். உண்மையா?
வாசகர், ரவாங்

பதில்: உண்மைதான் தம்பி. தண்ணீரை வாரம் ஒரு தடவை கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, ஏடிஸ் முட்டை போத்தல் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டு உள்சுவரைத் தேய்க்க வேண்டும். வேரையும் அலசுங்கள். சுகாதார இலாகாவிலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் கொசுப்புழு பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதம் போடுவார்கள். வாராவாரம் தேய்க்க முடியாது என்றால் செடியை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் மணலை நிரப்புங்கள்.