பழைய கெக்கை பீர் ஊற்றும் அளவுக்குச் சுத்தம் செய்வது எப்படி? ப்ளீச் ஊற்றலாமா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன்: பழைய சோடா கெக் (பானத்தை அழுத்தத்தோடு அடைத்துவைக்கும் உலோக உருளை) இரண்டு மலிவாகக் கிடைத்தன. உள்ளே இன்னும் சிரப் வாடை அடிக்கிறது, அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ப்ளீச் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து, ஸ்டீல் நாரால் தேய்த்துவிட்டு, வீட்டில் காய்ச்சிய பீரை ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து ப்ளீச்சும் வேண்டாம், ஸ்டீல் நாரும் வேண்டாம்.

கெக் என்பது நம் வீட்டு எவர்சில்வர்தான். பெரும்பாலும் 304 ரகம்: இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மேலே போர்த்திக்கொள்கிறது. துருப்பிடிக்காததற்கு அதுதான் காரணம். கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் படலம் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் உப்பிலும் ப்ளீச்சிலும் இருக்கும் குளோரைடு அதைத் துளைத்துவிடும். எலுமிச்சை ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் உள்ளே ஊசி குத்தியதுபோல் புள்ளி விழுமே, அதே வேலையை ப்ளீச்சும் செய்யும். நீங்கள் சொல்வதுபோல் ஒரு நாள் ஊறினால் நிச்சயம் ஆபத்து. ஒருமுறை குழி விழுந்துவிட்டால் கிருமி அதில் குடியேறிவிடும், எந்த பிரஷ்ஷும் அங்கே எட்டாது. ஸ்டீல் நாரின் சிக்கல் வேறு. அது சாதாரண இரும்பு. தேய்க்கும்போது அதன் பொடி கெக்கின் சுவரில் பதிந்து, பிறகு அந்த இடங்களில் துருப்பிடிக்கும். "எவர்சில்வர் துருப்பிடிக்குமா" என்று கேட்பவர்கள் பார்த்தது பெரும்பாலும் இந்தத் துருவைத்தான்.

நான் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில். நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கெக்குக்கு 'கார்னி' என்ற செல்லப்பெயர் வரக் காரணமான கார்னீலியஸ் கம்பெனியின் ஊரும் இதுதான். 5 கேலன், அதாவது கிட்டத்தட்ட 19 லிட்டர் பிடிக்கும் இந்த உருளைகள் பீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. குளிர்பானக் கடைகளுக்கு சிரப் கொண்டுபோகச் செய்தவை. பிற்பாடு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சிரப் வர ஆரம்பித்ததும், வேலையில்லாமல் குவிந்த கெக்குகள் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வந்தன. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய அரசு அனுமதித்தது 1978 அக்டோபரில், அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை, விற்பனைக்கு அல்ல. (தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இந்தப் பதில் அனுமதி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும்.)

என் முதல் கெக்கையும் உங்களைப் போலத்தான் பழையதாக வாங்கினேன். சுடுநீர் ஊற்றினேன், உள்ளே கைவிட்டு ஸ்பாஞ்சால் துடைத்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடிபோல் மின்னியது. பீரை நிரப்பினேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு வெண்ணெய் வாடை. நான்காம் வாரம் லேசான புளிப்பு. காய்ச்சியதில் தவறு என்று நினைத்து அடுத்த முறை ஈஸ்ட்டை மாற்றினேன். அதுவும் அப்படியே போயிற்று. மூன்றாவது முறையும். தலா 19 லிட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு சனிக்கிழமை, பிறகு மூன்று வாரக் காத்திருப்பு. சாக்கடையில் கவிழ்த்தபோது மனது மிகவும் கஷ்டப்பட்டது.

எங்கள் பகுதியில் நெடுநாளாகக் காய்ச்சும் ஒரு பெரியவரிடம் அந்தக் கெக்கை எடுத்துப்போனேன். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்து மேலே இருந்த பித்தான் போன்ற திருகை, நாங்கள் 'போஸ்ட்' என்று சொல்வதை, கழற்றினார். அதற்குள்ளிருந்து அடிவரை போகும் நீளக் குழாயை உருவி, வெள்ளைத் துணிமேல் தட்டினார். கறுப்பாக, வழவழவென்று, நூல்போல ஒன்று விழுந்தது. வாடை மூக்கைத் துளைத்தது. நான் மூன்று முறை நிரப்பிய பீர் ஒவ்வொரு சொட்டும் அந்தக் குழாய் வழியாகத்தான் டம்ளருக்கு வந்திருக்கிறது.

நான் சொல்ல வருவதும் இதுதான். கெக்கின் வயிறு அழுக்காவது அபூர்வம், அது கண்ணுக்கும் தெரியும். பீரைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத ஐந்தாறு சின்ன உறுப்புகள்.

கழற்றும் முன் ஒன்று. எந்தக் கெக்காக இருந்தாலும் காற்றழுத்தத்தை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்பானரை வைக்க வேண்டும். மூடியில் வளையம் போட்ட வால்வு இருந்தால் அதை இழுத்துப் பிடியுங்கள். பழைய மூடிகள் சிலவற்றில் அது இருக்காது. கெக்கில் இரண்டு போஸ்ட் உண்டு, ஒன்றில் வாயு உள்ளே போகும், மற்றதில் பீர் வெளியே வரும். அப்போது வாயு போகும் போஸ்ட்டின் நடுவிலுள்ள சின்ன முனையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். 'ஸ்ஸ்' சத்தம் முற்றிலும் நின்ற பிறகு தொடங்குங்கள். காலியாகத் தெரியும் கெக்குக்குள்ளும் அழுத்தம் இருக்கும். உள்ளே அழுத்தம் இருக்கக் கழற்றினால் போஸ்ட் குண்டுபோல முகத்துக்கு வரும்.

இப்போது கழற்றுங்கள். முட்டை வடிவ மூடி, இரண்டு போஸ்ட்கள், அவற்றுக்குள் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன வால்வுகளான பாப்பெட்கள், நீளக் குழாய், வாயுப் பக்கம் இருக்கும் குட்டைக் குழாய். டியூபை மாட்டும் விதத்தைப் பொறுத்து கெக்கில் பால் லாக் (ball lock), பின் லாக் (pin lock) என்று இரண்டு வகை. பால் லாக் வகையில் வாயுப் பக்கத்துப் போஸ்ட்டின் அடியில் பெரும்பாலும் சிறு வெட்டுகள் இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். பின் லாக் வகையில் வாயுவுக்கு இரண்டு முளை, பீருக்கு மூன்று முளை. உங்களிடம் இரண்டு கெக் இருப்பதால் இதைக் கவனியுங்கள்: ஒன்றின் உறுப்பை மற்றதில் போடாதீர்கள். தயாரித்தவர் மாறினால் மரையும் பாப்பெட்டும் மாறும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். இரண்டு கிண்ணம் வைத்து, ஒவ்வொரு கெக்கின் உறுப்பையும் தனித்தனியாகப் போட்டுவிடுங்கள்.

ரப்பர் ஓ-ரிங்குகளைக் கழுவ வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஒரு கெக்குக்கு ஐந்து: மூடிக்குப் பெரியது ஒன்று, போஸ்ட்களுக்கு இரண்டு, குழாய்களுக்கு இரண்டு. உங்களை வாட்டும் அந்த சிரப் வாடை ஸ்டீலில் இல்லை, இந்த ரப்பரில் ஊறியிருக்கிறது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. புது செட் சில டாலர்தான்.

கழுவும் பொடிக்கு வருவோம். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். அதில் சேர்க்கும் வாசனை ஒட்டிக்கொள்ளும், மிச்சமிருந்தால் பீரின் நுரையையும் கொன்றுவிடும். நான் பயன்படுத்துவது பி.பி.டபிள்யூ. என்ற காரப் பொடி. சோடியம் பெர்கார்பனேட்டும் மெட்டாசிலிகேட்டும் அதில் முக்கியம். பெர்கார்பனேட் வெந்நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரியும். பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக்கொண்டே கசடைப் பிரித்தெடுக்கும். தேய்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. 19 லிட்டருக்கு 120 முதல் 150 கிராம், தண்ணீர் 60 டிகிரி செல்சியஸ் அளவு சூடு. கையுறை கட்டாயம்.

விளிம்புவரை நிரப்புங்கள். மேல் வளைவின் உட்புறத்தில், நுரை வந்து காயும் இடத்தில், ஒரு பழுப்பு வளையம் இருக்கும். பாதி நிரப்பினால் அது நனையாது. கழற்றிய உலோக உறுப்புகளையும் அதே கரைசலில் ஒரு கிண்ணத்தில் போடுங்கள். பழைய கெக் என்பதால் ராத்திரி முழுக்க ஊறட்டும். மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். ஆக்சிஜன் வெளிவந்துகொண்டே இருக்கும், அடைத்துவைத்தால் அழுத்தம் ஏறும். காலையில் நீளக் குழாய்க்குள் மெல்லிய நீள பிரஷ்ஷை விட்டு இரு முனையிலிருந்தும் இழுங்கள், பிறகு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பாப்பெட்டின் ஸ்பிரிங்குக்குப் பழைய டூத் பிரஷ் போதும். முடிந்ததும் கரைசலைக் காயவிடாமல் உடனே வெந்நீரில் மூன்று முறை அலசுங்கள். காய்ந்தால் வெள்ளைப் பூச்சு படியும்.

எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர், கடின நீர். அதனால் நன்றாக அலசினாலும் சில சமயம் அந்த வெள்ளைப் பூச்சு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சிட்ரிக் அமிலம் கலந்து சுழற்றினால் போய்விடும். நம் ஊரில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவதும் இதே வேதியியல்தான், படிந்ததை அமிலம் கரைக்கிறது. ஆனால் உங்கள் கெக்கின் அடியிலுள்ள பழுப்பு, முன்பு யாரோ பீர் வைத்திருந்ததால் வந்ததாக இருந்தால் அது 'பீர்க்கல்', கால்சியம் ஆக்சலேட். மால்ட்டிலிருந்து (முளைகட்டிய பார்லி) வரும் ஆக்சலேட்டும் தண்ணீரின் கால்சியமும் சேர்ந்து வருடக்கணக்கில் படிவது. காரப் பொடிக்கு அது லேசில் அசையாது. பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலம் கலந்த ப்ரூவரி கிளீனர் விற்கிறார்கள், அதைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள். முதலில் காரம், நன்றாக அலசல், பிறகு அமிலம், மறுபடி அலசல். எந்த அமிலத்தையும் ப்ளீச் இருந்த பாத்திரத்தில் ஊற்றக் கூடாது, விஷமான குளோரின் வாயு வரும். துருப்புள்ளி மட்டும் இருந்தால் ஆக்சாலிக் அமிலப் பொடியை ஈரத்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போதும், பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி: உள்ளே தண்ணீர் ஊற்றி, கவிழ்த்து, டார்ச் அடியுங்கள். சுத்தமான ஸ்டீலில் தண்ணீர் ஒரே விரிப்பாக வழியும். எங்கேயாவது முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெயோ பிசுக்கோ மிச்சம் இருக்கிறது.

இதோடு பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சுத்தம் வேறு, கிருமிநீக்கம் வேறு. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை, அதனால்தான் இந்த வரிசை. உறுப்புகளை மாட்டும்போது புது ஓ-ரிங்குகளில் உணவுத்தர சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பிறகு 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி கலந்து கெக்கை முழுக்க நிரப்பி மூடுங்கள். இரண்டு நிமிடம் எல்லாப் பக்கமும் நனைந்தால் போதும். கடின நீரில் கலந்தால் கரைசல் பால்போலக் கலங்கும், அதனால் நான் காய்ச்சி வடித்த நீர் வாங்கிக் கலக்கிறேன்.

அந்தக் கரைசலைக் கவிழ்த்துக் கொட்டாமல், சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கொடுத்து நீளக் குழாய் வழியாகவே வெளியே தள்ளுங்கள். நீளக் குழாய், பாப்பெட், பீர் போகும் டியூப் எல்லாவற்றின் உட்புறமும் கிருமிநாசினியில் நனைந்துவிடும். கெக்குக்குள் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு நிரம்பிவிடும், பீருக்கு ஆக்சிஜன் படாது. உள்ளே மிஞ்சும் நுரையைப் பற்றிப் பயப்படாதீர்கள். அந்த அளவில் அது தீங்கு செய்யாது, அலசவும் வேண்டாம். அலசினால் குழாய்த் தண்ணீரின் கிருமியைத் திரும்ப உள்ளே விட்டதாகிவிடும்.

நிரப்பும் முன் 25, 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுத்து, மூடி ஓரத்திலும் போஸ்ட்களிலும் அதே கரைசலைத் தெளித்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. முழு சிலிண்டர் வாயுவும் ஒரே ராத்திரியில் போய்விடக் கூடியது என்பதால் இந்தச் சோதனையை நான் ஒருமுறைகூட விடுவதில்லை.

பீர் தீர்ந்த பிறகு இவ்வளவு பாடு தேவையில்லை. அன்றைக்கே வெந்நீரில் அலசுங்கள், காரக் கரைசலைக் குழாய் வழியாகத் தள்ளுங்கள், அவ்வளவுதான். நான்கைந்து முறைக்கு ஒரு தடவை முழுக்கக் கழற்றுகிறேன். ஆனால் பீர் போகும் பிளாஸ்டிக் டியூபை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் அங்கே சுலபமாக வளரும். அந்த வெண்ணெய் வாடையும் புளிப்பும் இவற்றின் வேலை. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பீர்தான் வீண்.

கடைசியாக, நீங்கள் வாங்கியது சோடா கெக் அல்ல, மதுக்கடைகளில் பார்க்கும், நடுவில் ஒரே வால்வு உள்ள பெரிய சாங்கி கெக் என்றால் இதில் சொன்ன எதையும் உடனே செய்யாதீர்கள். அவை பெரும்பாலும் ப்ரூவரியின் சொத்து, டெபாசிட்டுக்குத் தரப்படுபவை. அதன் நடுக்குழாயை அழுத்தத்தோடு கழற்றினால் உயிரே போகலாம். மேல்பாகத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.