வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போக வேண்டாம்

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, காசநோய்ப் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டாள். அம்பாசமுத்திரம் வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் கடன் வாங்கி, லண்டனில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) படிக்க வையுங்கள் என்கிறார் உங்கள் அண்ணன். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 55,100 ரூபாய். கட்டி முடிக்கும்போது 66 லட்சம் தாண்டும். படிக்கிற காலத்து வட்டி தனி. எம்.பி.எச். வாங்கியதாலேயே அங்கே நர்ஸாகப் பதிவும் கிடைக்காது. அதற்கான தேர்வு வேறு.

நர்சிங்குக்கு அடுத்து ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் படிப்பது பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது, விட்டுவிடுகிறேன். "மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைப் பற்றியேதான் பேசுகிறாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: செயலாக்க ஆராய்ச்சி. காசநோயாளியின் சாப்பாட்டுச் செலவுக்கு அரசு 2018-லிருந்து மாதந்தோறும் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000. ஆனால் ஊரில் தொடங்கிய வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தால் தாராவித் தொழிலாளிக்குப் பணம் வராது. இப்படி எத்தனை பேர், எந்தப் படியில் சிக்குகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று ஆராய்வதுதான் இந்தப் படிப்பு.

உலக சுகாதார நிறுவனத்தில், வெப்பமண்டல நோய்கள் பற்றிய ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் என்று 1975-ல் தொடங்கிய டி.டி.ஆர். என்ற திட்டம் இருக்கிறது. தாக்காவின் பிராக் பல்கலைக்கழகம், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் உள்ள கஜா மாடா பல்கலைக்கழகம், கானா பல்கலைக்கழகம் போன்றவற்றோடு சேர்ந்து முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகை தந்துவந்திருக்கிறது: கட்டணம், தங்கும் செலவு, பயணம். தாக்கா என்றதும் உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது போலவே காசநோய் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது சென்னை. அதுவும் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இவற்றோடு நம் நாடு சேர்ந்து செய்த ஆய்வுதான்.

முதலில் டி.டி.ஆர். நடத்தும் இலவச ஆன்லைன் பாடத்தை அவள் முடிக்கட்டும். இரண்டாவது வாரமே அலுத்தால் இந்த வழி அவளுக்கில்லை, வற்புறுத்தாதீர்கள். பிடித்திருந்தால் இந்த வருட அறிவிப்பில் எந்தப் பல்கலைக்கழகம், எந்த நாட்டவருக்கு என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டுரைதான் பெரும்பாலும் காலை வாருகிறது. 'சேவை செய்ய ஆசை' என்று எழுதினால் எடுபடாது. தன் பிரிவில் கண்ட ஒரே ஒரு தடையை எடுத்து, அதை எப்படி அளப்பாள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் பெரிய டாக்டரிடமிருந்து வேண்டாம். அவள் வேலையை நேரில் பார்த்த அதிகாரி எழுதட்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்குக் கடைசியில்தான் தெரியவரும். வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவில் ஆய்வு செய்தால், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி மட்டும் போதாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் பார்க்க வேண்டியிருக்கும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். மும்பையில்தான் தகவல் திரட்டுவேன் என்றால் முதல் பருவத்திலேயே வழிகாட்டியிடம் பேசி மனு போட வேண்டும். இல்லையென்றால் படிக்கிற ஊரிலேயே ஆய்வை வைத்துக்கொள்வது நல்லது.

படித்து முடித்தவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே இந்த உதவித்தொகையின் எதிர்பார்ப்பு. லண்டனில் குடியேறுவதுதான் அவள் விருப்பம் என்றால் இது சரிவராது. அதை அவளிடமே கேளுங்கள், அண்ணன் இல்லாதபோது. அவள் என்ன சொன்னாலும் அம்பாசமுத்திரம் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.