புற்றுநோயில் பிள்ளையை இழந்த பிறகு புது வீட்டில் எப்படிப் பழகுவது?

ஏழு வயது மகனை இரத்தப் புற்றுநோயில் பறிகொடுத்துவிட்டு, வாடகை வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்பதால் வேறு இடத்துக்கு மாறப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய சாமான்களை என்ன செய்வது, அவன் இருந்தே பார்க்காத வீட்டில் எப்படி இருப்பது, அவனுக்கென்று ஓர் அறை ஒதுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நாங்கள் மட்டக்களப்பு. மூத்த மகள் ஒன்பது வயதில் போனாள், இதே நோய். அமிர்தகழியில் மாமியின் வீட்டில் இருந்தோம், இப்போது திராய்மடுப் பக்கம் வந்துவிட்டோம்.

முதலில் சாமான். செத்த பிள்ளையின் உடுப்பு, விளையாட்டுச் சாமான் எதையும் புது வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, எரித்துவிடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். அக்கறையில் சொல்வதுதான், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். தலையை ஆட்டிவிட்டு உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். வைத்திருப்பதை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், எரித்தால் எரித்ததுதான். வீடு மாறுகிற அவசரத்தில் எதையும் தரம் பிரிக்கவும் வேண்டாம். அப்படியே பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே மகனின் பெயரை எழுதி ஏற்றுங்கள்.

மிச்ச மருந்து மட்டும் வேறு கதை. மெர்கப்டோபியூரின், மெத்தோட்ரெக்சேட் மாதிரிக் குளிசைகள் இன்னும் வீட்டில் கிடந்தால் குப்பையிலோ கிணற்றடியிலோ போடாதீர்கள். சாதாரண மருந்து இல்லை அவை. கையுறை போட்டு எடுத்து, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். சிகிச்சை ஃபைலை வைத்திருங்கள். இப்போது அதைக் காணவே பிடிக்காது. ஆனால் கொஞ்சக் காலம் போனபின், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று டாக்டரிடம் இன்னொரு தரம் கேட்கத் தோன்றும். நான் போய்க் கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பொறுமையாகச் சொன்னார், எனக்கு அது உதவியது.

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராக நிற்கும். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், கீமோவில் வெள்ளணு இறங்கியிருக்கும்போது சின்னத் தொற்றுக்கூட ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் தெர்மோமீட்டர், கிளினிக் கொப்பி, மாஸ்க், ஒரு சோடி உடுப்பு, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் கொழும்பு போகக் கொஞ்சம் காசு. அந்தப் பையை யார் தூக்கி வைப்பது என்பதில்தான் எங்கள் வீடு மாறும் வேலை அரைநாள் நின்றது. கடைசியில் மனைவியின் தம்பி ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய் லொறியில் வைத்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். அதற்கு வெளியாள் ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், கலியாணம் முடித்தவர் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மாமியின் வீடு மனைவியின் தங்கைக்கு என்று பேசியாகிவிட்டது. மனைவிக்குச் சீதனமாக வந்த வளவில் நாங்கள் வீடு கட்டினோம். அத்திவாரம் வெட்டும்போதே மாமி, "இது என்ட பேத்திட வீடு" என்று சொல்லித்தான் கல் வைத்தார். மகளுக்கு வருத்தம் வந்ததும் வேலை லின்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை, ஆனால் போக்குவரத்து, தங்கல், இழந்த சம்பளம் எல்லாம் சேர்ந்து வீட்டுக் காசைத் தின்றுவிடும். இரண்டு கீமோவுக்கு நடுவில் வீட்டுக்கு விடும் நாட்களில் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். மாஸ்க்குடன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து எந்த அறை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பாள். தனக்குப் பெரியது, தம்பிக்கு ஆகச் சின்னது.

அவள் போனபின் அந்த வீட்டைக் கட்டி முடிப்பதே பெரிய வாதமாகிவிட்டது. மனைவி வேண்டாம் என்றார், விற்போம் என்றார். நான் மேசனைக் கூப்பிட்டேன். உறவுக்காரர் சிலருக்கு நான் கல்நெஞ்சுக்காரன். துக்கத்தைப் பற்றி வாசித்தபோது 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதியது கண்ணில் பட்டது. துக்கப்படுகிறவர் இழப்புக்குள் போவதும், அதிலிருந்து வெளியே வந்து அன்றாட வேலைகளில் இறங்குவதுமாக மாறி மாறிப் போய் வருவார், இரண்டுமே துக்கத்தின் பகுதிதான் என்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் நிற்பது அபூர்வம். நான் கதவுக்குப் பிணைச்சல் பூட்டிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே அழுதுகொண்டிருப்பார். சில இரவு நான் தூங்காமல் இருப்பேன், அவர் கணக்குக் கொப்பியைத் திறந்து ஓட்டுக்கு எவ்வளவு என்று கேட்பார். உங்கள் வீட்டிலும் ஒருவர் பெட்டி கட்டுவார், மற்றவர் அதைப் பார்த்து எரிச்சல்படுவார். பெட்டி கட்டுகிறவருக்குப் பாசம் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடிபுகலுக்கு நாங்கள் கார்ட் அடிக்கவில்லை. அவளுடைய ஆண்டுத் திவசம் முடிந்திருந்தது, செய்திருக்கலாம், மனம் வரவில்லை. நிறைகுடம் வைத்துப் பால் காய்ச்சினோம், அவ்வளவுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். பழைய தெருவில் உங்கள் மகனை எல்லாருக்கும் தெரியும். கடைக்காரருக்குத் தெரியும், ஓட்டோக்காரருக்குத் தெரியும். புது இடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவன் இருந்தான் என்பதையே நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. அதற்கான முதல் சோதனை, வந்த கையோடு பக்கத்து வீட்டில் கேட்பார்களே, எத்தனை பிள்ளைகள் என்று, அந்தக் கேள்விதான்.

எங்களுக்குப் பக்கத்து வளவில் ஒரு வயதான அம்மா. நாங்கள் சாமான் இறக்கிய பின்னேரமே ஒரு பிடி முருங்கைக்கீரையோடு வேலியடிக்கு வந்து, "எத்தின புள்ளையள் மனே?" என்று மனைவியைக் கேட்டார். மனைவி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான்தான் விசயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை, ஐயோ என்று கையை உதறவில்லை. "எனக்கு நாலு மனே. ரெண்டு இருக்கு, ரெண்டைக் கடல் கொண்டு போயிற்று" என்றார். நாவலடி ஆள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி அழிந்தபின் அங்கிருந்த சனத்துக்குத் திராய்மடுவில்தான் வீடு கொடுத்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருடைய கணக்கு நாலுதான். உள்ளே நின்ற மனைவி அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் வேலியடியில் நின்று கதைத்த நேரத்தில் நான் கட்டிலைப் பூட்டி முடித்துவிட்டேன்.

அதிலிருந்து மனைவி யார் கேட்டாலும் "ரெண்டு பேர். மூத்தவ இப்ப இல்ல" என்று சொல்வார். நீங்களும் உங்களுக்கு வாய் வருகிற மாதிரி ஒரு பதிலைப் போகுமுன்னரே இருவருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் முகம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் தடவையே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, மறைத்துவிட்டால் பிறகு திருத்துவது பெரிய பாடு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் கடமை இல்லை, வாயில் வந்ததைச் சொல்லுங்கள். கிராம சேவகரிடம் பதியப் போனபோது குடும்ப அங்கத்தவர் எத்தனை என்ற இடத்தில் மூன்று என்றுதான் எழுதினேன். காகிதத்துக்கு அது போதும்.

நோயின் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இது தொற்றுமா, பரம்பரையா என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். தொற்றாது, பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை. இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் புது ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொன்னாலும் தப்பில்லை.

சின்னவர் யாராவது வீட்டில் இருந்தால், அண்ணா தூங்குகிறார், வெளிநாடு போய்விட்டார் என்று சொல்லாதீர்கள். எங்கள் மகன், அக்கா வந்தால் பழைய வீட்டுக்குத்தானே போவா என்று கேட்டான். அக்கா செத்துவிட்டா, இனி வரமாட்டா என்று நேரே சொன்னோம். மறுநாளும் கேட்டான், மறுநாளும் சொன்னோம்.

மாதக் கணக்கில் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஓடாமல் இருந்தால், அல்லது அவனோடு போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால், உடனே கதையுங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கம் மனநல உதவிக்கானது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக அறை. மகள் தனக்கென்று வைத்திருந்த பெரிய அறையில் இப்போது தம்பி படுக்கிறான். அவனே கேட்டான், கொடுத்தோம். உங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு என்கிறீர்கள், ஒன்றைப் பூட்டிவைத்தால் மற்றவர்கள் எங்கே இருப்பது? அலுமாரியில் ஒரு தட்டு போதும். மேலே பரணில் போட வேண்டாம், மாரியில் ஈரம் ஏறிக் கறையானும் வந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள், பூச்சி உருண்டை போடுங்கள், புரட்டாதியில் ஒருதரம் எல்லாவற்றையும் வெளியில் எடுத்து வெயில் காட்டுங்கள்.