சொன்னது நினைவில் நிற்காத பையனும் மூன்றாவது எச்சரிக்கைக் கடிதமும்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். திருச்சியிலிருந்து கனடா வந்து, வினிபெக்கில் ஒரு குரூப் ஹோமில், அதாவது குறைபாடு உள்ளவர்கள் துணையோடு சேர்ந்து வாழும் வீட்டில், சப்போர்ட் ஒர்க்கராகச் சேர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு 22 வயது. ஃபைலில் எஃப்ஏஎஸ்டி (கருவிலேயே மதுவால் வந்த மூளைப் பாதிப்பு) என்று இருக்கிறது, ஆனால் ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஹாக்கி என்றால் மணிக்கணக்கில் பேசுகிறான், காலையில் சொன்னதை மதியம் கேட்டால் முழிக்கிறான், இல்லை கதை விடுகிறான். பகுதிநேர வேலை பார்க்கும் கடையில் தாமதத்துக்காக இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டான். "சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பெயரா? இதற்கெல்லாம் சட்டம் இடம் கொடுக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடம் கொடுக்கும். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக இருப்பவன். இப்படிப்பட்ட பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாய் கருவுற்றிருக்கும்போது குடித்த மது, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால் வருவது இது. கனடாவில் 100 பேரில் 4 பேருக்கு இருக்கலாம் என்பது கணிப்பு. மெல்லிய மேலுதடு, சிறிய கண் திறப்பு என்று முகத்தில் அடையாளம் தெரிவது அவர்களில் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இங்குள்ள மருத்துவ வழிகாட்டி மூளையின் வேலைகளைப் பத்தாகப் பிரித்துப் பார்க்கிறது: நினைவாற்றல், கவனம், மொழி, திட்டமிடுதல், அன்றாட வாழ்க்கைத் திறன் என்று போகிறது. அவற்றில் மூன்றிலாவது கடுமையான பாதிப்பு இருந்தால்தான் இந்த முடிவுக்கு வருவார்கள். டாக்டர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் சேர்ந்து பார்த்து எழுதுவது. சும்மா யாரும் பெயர் ஒட்டிவிடுவதில்லை.

கதை விடுகிறான் என்றீர்களே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்களில் பலருக்கு நினைவில் ஓட்டை விழும். கேட்பவர் பதிலுக்காகக் காத்து நிற்கும்போது மூளை அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடைத்துவிடும். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. "நீதானே எடுத்தாய்?" என்று நாலு தடவை கேட்டால், எடுக்காதவனும் "ஆமாம்" என்பான். உங்கள் வீட்டு ஹாலில் இது சின்ன விஷயம், போலீஸ் ஸ்டேஷனில் சின்ன விஷயமில்லை. வினிபெக்கில் 2019 முதல் இவர்களுக்கென்றே தண்டனை விசாரணைக்குத் தனி நீதிமன்ற அமர்வு நடக்கிறது. சத்தம் குறைந்த சின்ன அறை, எளிய பேச்சு, புரியவைக்கப் படங்கள். நீதிபதியே பேச்சை மாற்றிக்கொள்கிறார் என்றால் நாம் மாற்றிக்கொள்வதில் என்ன வந்தது?

என் வகுப்பில் ஒரு சிறுவன். "பையை வை, பூட்ஸைக் கழற்று, கை கழுவிவிட்டு வந்து உட்கார்" என்றால் பையைத் தோளில் மாட்டியபடியே வாசலில் நிற்பான். பூட்ஸில் இருந்து பனி உருகித் தரையில் ஓடும். ஆசிரியை குரலை உயர்த்துவார், அவன் காதைப் பொத்திக்கொள்வான். அப்புறம் அவன் கண் உயரத்துக்குச் சுவரில் நான்கு படம் ஒட்டினோம். ஒவ்வொன்றையும் முடித்ததும் அதைத் திருப்பிப் போட வேண்டும். தலைக்கு மேலே 'ங்ங்' என்று இரைந்துகொண்டிருந்த டியூப்லைட்டை அணைத்தோம். பையன் அதே பையன்தான், வாசலில் நிற்பது மட்டும் நின்றது. ஒரு நாள் அந்தப் படங்களை யாரோ கழற்றிவிட்டார்கள், 'இனி தேவைப்படாது, பழகிவிட்டான்' என்று. மறுநாள் மறுபடி வாசல். கண்ணாடி போட்டவனுக்குப் பார்வை தெளிந்துவிட்டது என்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி இது. இந்த ஏற்பாடுகள் பழகும்வரைக்கு அல்ல, எப்போதும் வேண்டும்.

சரி, கடை விஷயத்துக்கு வருவோம். வினிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்தின் மனித உரிமைச் சட்டப்படி, குறைபாடு உள்ளவருக்கு நியாயமான ஏற்பாடு செய்து தருவது முதலாளியின் கடமை. அவரால் தாங்கவே முடியாத சுமை என்று நிரூபித்தால்தான் தப்ப முடியும். 'செலவாகும்' என்று வாயால் சொன்னால் போதாது. 2012-ல் கனடா உச்ச நீதிமன்றம் தந்த மூர் வழக்குத் தீர்ப்பு இதற்குப் பெரிய பலம். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள ஒரு மாணவருக்கு, பட்ஜெட்டைக் காரணம் காட்டிச் சிறப்புக் கல்வி உதவியை மறுத்தது பாகுபாடுதான் என்று சொன்ன தீர்ப்பு அது.

ஆனால் முதலாளிக்குத் தெரியாத ஒன்றுக்குப் பொதுவாக அவரைப் பிடிக்க முடியாது. எழுத்தில் கேட்பது நல்லது. டாக்டர் கடிதத்தில் எஃப்ஏஎஸ்டி என்ற பெயர் வர வேண்டிய அவசியமே இல்லை. வராமல் இருப்பதே நல்லது, அந்தப் பெயரைச் சொன்னால் அவன் அம்மா குடித்ததையும் சேர்த்தே ஊருக்குச் சொன்னதாகிவிடும். 'நேரத்தைக் கணிப்பதிலும் பல கட்டளைகளை நினைவில் வைப்பதிலும் நிரந்தரச் சிரமம் உண்டு' என்று எழுதினால் போதும். கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும்: வாரம்தோறும் மாறாத ஒரே ஷிப்ட், வேலைகளைப் படத்தோடு எழுதிய அட்டை, வேலை சொல்வதற்கு ஒரே ஒரு மேலாளர். மறுத்து வேலையை விட்டு நீக்கினால் மாகாண மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. "இன்னும் 20 நிமிடத்தில் கிளம்பணும்" என்றால் அவனுக்கு அது வெறும் சத்தம். சிவப்பு நிறம் குறைந்துகொண்டே வரும் டைமர் கடிகாரம் கிடைக்கும், அதை வாங்கி அவன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "ம்" என்பார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

பணம் பற்றியும் பாருங்கள். மாற்றுத்திறனாளி வரிச்சலுகைக்கான டி2201 படிவத்தை டாக்டரோ உளவியலாளரோ நிரப்பலாம். அது அங்கீகரிக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புத் திட்டத்தின் கதவு திறக்கும். அதில் மானியமாக 70,000 டாலர் வரையும், வருமானம் குறைந்தவர்களுக்கு 'பாண்ட்' என்ற பெயரில் 20,000 டாலர் வரையும் அரசு போடும். கனடா மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2025 ஜூலையில் தொடங்கியபோது மாதம் 200 டாலர் வரை இருந்தது, அதற்கும் இதே அங்கீகாரம்தான் வாசல். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பல மாகாணங்களில் பெரியவர்களுக்கான உதவித் திட்டங்கள் அறிவுத்திறன் எண்ணை (ஐ.க்யூ) பார்த்தே ஆளை எடுக்கின்றன. இவர்களில் பலருக்கு அந்த எண் 70 என்ற வரம்புக்கு மேலே இருக்கும், ஆனால் தனியாக ஒரு பஸ் பிடிக்க வராது. உங்கள் பையனுக்கு குரூப் ஹோமில் இடம் கிடைத்ததே அதிர்ஷ்டம்.

இன்னொன்று. இது பூர்வகுடி மக்களின் நோய் என்று வேலை இடத்தில் யாராவது உங்கள் காதில் போடுவார்கள். தலையாட்டாதீர்கள். மது விற்கும் எந்த ஊரிலும் வரக்கூடியது இது. கரு தங்கியதே தெரியாத முதல் வாரங்களில் குடித்த தாய்மார்கள் எத்தனையோ பேர். பையனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தால் டீ போட்டுக் கொடுங்கள், கேள்வி எதுவும் வேண்டாம்.

முதலில் உங்கள் சூப்பர்வைசரிடமும் பையனிடமும் சம்மதம் வாங்குங்கள். மூன்றாவது கடிதம் வருவதற்குள் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். போகும்போது டி2201-ஐயும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் ஒரே நடையில் இரண்டு வேலை முடியும். அன்று காலை அவனுக்கு நினைவூட்டுங்கள். முந்தின நாள் சொன்னது நிற்காது.