21 கிலோ கஞ்சா வழக்கு: ஜாமீனே கிடைக்காதா?

கேள்வி: ரயிலில் வந்து இறங்கிய என் தம்பியைப் போன மாதம் நிலைய வாசலில் போலீசார் பிடித்தார்கள். பையில் 21 கிலோ கஞ்சா இருந்ததாக எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. 20 கிலோவைத் தாண்டினால் ஜாமீனே கிடையாது என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கிடைப்பது கடினம். ஆனால் வழியே இல்லை என்பது தவறு.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா 'வணிக அளவு'. தண்டனை 10 முதல் 20 ஆண்டு. ஜாமீனுக்கு 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே விட்டால் குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வேண்டும். 20 கிலோவுக்குள் என்றால் இந்தத் தடை கிடையாது. ஆகவே அந்த ஒரு கிலோவில்தான் வழக்கே இருக்கிறது.

பறிமுதல் மகஜரின் (பொருளைக் கைப்பற்றியபோது போலீசார் எழுதிய பதிவு) நகலை முதலில் வாங்குங்கள். பை, சாக்கு, டேப் எல்லாம் சேர்த்து எடை போட்டார்களா, நீக்கிவிட்டா? சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனி மட்டுமே. நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் கஞ்சா அல்ல. மகஜரில் இலை, விதை என்று தனியாகக் குறிப்பு இருந்தால் வக்கீல் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்த மாதிரி, ஆய்வக அறிக்கை, மகஜர் மூன்றிலும் எடையும் முத்திரையும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். மாதிரி எடுத்ததில் குறை இருந்தாலே விடுதலை என்று நம்பிவிடாதீர்கள். அது மட்டுமே வழக்கைக் கவிழ்க்காது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது.

50ஆம் பிரிவை நம்பியும் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. அரசிதழ் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதிக்கச் சொல்லும் உரிமை உடல் சோதனைக்குத்தான். கையில் இருந்த பைக்கு அது பொருந்தாது.

அடுத்தது நாள் கணக்கு. இதில் கோட்டை விடுவதுதான் மனதை வருத்துகிறது. வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். முதல் ரிமாண்ட் நாளையும், அதாவது நீதிபதி முதலில் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளையும் சேர்த்து எண்ணுங்கள். தாக்கலாகவில்லை என்றால் 181ஆம் நாள் காலையிலேயே ஜாமீன் மனு உள்ளே போக வேண்டும்; இங்கே 37ஆம் பிரிவு தடுக்காது. நீங்கள் மனுப் போடுமுன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. அரசு வழக்கறிஞர் ஒரு வருடம் வரை கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம். அதற்கு 180 நாள் முடியுமுன் புலன்விசாரணையின் முன்னேற்றத்தையும், காவலில் வைக்கக் குறிப்பான காரணத்தையும் அறிக்கையாகத் தர வேண்டும். அந்த மனு வருகிறபோது உங்கள் தம்பி நேரிலோ காணொலியிலோ இருந்தாக வேண்டும். அவருக்குத் தெரியாமல் நீட்டித்தால் அதையே எதிர்த்து வாதாடலாம்.

காத்திருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரயில் நிலைய சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் அழிந்துபோகும். கைதான நேரம், இடம் குறித்து உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், பதிவைப் பாதுகாக்க உத்தரவிடக் கோரி சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.