வாசகர் கேள்வி–பதில்: தீ தூரத்தில் இருந்தால் பயமில்லையா?

பையன் மெல்போர்னுக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த பகுதியில் வீடு வாங்கியிருக்கிறான். வெயில் 43 டிகிரி, காற்று பேயாக அடிக்கிறது, 20 கிலோமீட்டரில் காட்டுத்தீ. கேட்டால் "தீ தூரத்துலதாம்மா இருக்கு" என்கிறான். நம்பலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

தூரத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள் அம்மா. அந்த ஊர் யூகலிப்டஸ் மரங்களின் பட்டை நார்நாராக உரிந்து தொங்கும், அதில் தீப்பிடித்துக் காற்றில் ஏறினால் பல கிலோமீட்டர் தாண்டிக்கூட விழும். பெரும்பாலான வீடுகள் எரிவது இப்படிப் பறந்து வரும் கங்குகளால்தான். கூரை விளிம்பில் சேர்ந்த சருகும் வாசல் மிதியடியும் போதும் அதற்கு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அங்கே அனல் நாட்களில் வடக்கிலிருந்து சூடான காற்று வீசும், அப்புறம் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று திரும்பி வந்ததும் அப்பாடா என்று தோன்றும், ஆனால் அந்த நேரம்தான் ரொம்ப மோசம், ஏனென்றால் அதுவரை நீளமாக, ஒல்லியாக ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் சட்டென்று முன்வரிசையாகிப் பாயும். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி, சாயந்திரம் காற்று இப்படித்தான் திரும்பியது. அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள்.

அதனால் "பத்திரமா இருப்பா" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவாய், எந்த ரோடு, யார் வீடு என்று கேளுங்கள். அங்கே தீ அபாயத்துக்கு நான்கு படிகள் உண்டு. உச்சமான 'கேட்டஸ்ட்ராபிக்' என்று அறிவித்தால் முதல் நாள் ராத்திரியோ விடியற்காலையோ கிளம்பிவிட வேண்டும். புகை கண்ணில் பட்ட பிறகு கார் எடுப்பவர்கள்தான் ரோட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். திட்டுவான், பரவாயில்லை.

2022-ல் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது துரைப்பாக்கத்தில் மூச்சு முட்டிவிட்டது. மறுபடி வந்தால் ஜன்னலை மூடுவதா, திறப்பதா? ஏசி கிடையாது.
– வாசகர், துரைப்பாக்கம்

கிடங்கு உங்களுக்கு மேற்கே. காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது புகை நேராக உங்கள் பக்கம்தான் வரும், அப்போது மூடுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் அது பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் தள்ளப்படும், அப்போது திறந்துவிடுங்கள் (வேளச்சேரிக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு இதற்கு நேர் எதிர்). கடல்காற்று தாமதமாகும் நாள்தான் சிக்கல். சென்னையில் வெயில் கொளுத்துவதும் அன்றைக்குத்தான். நாள் முழுக்க மூடிவைத்து வெந்துபோகாதீர்கள். ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் நுண்துகள் நிற்காது, வெளியே போனால் என்95 மாஸ்க் போடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. கொசுவர்த்தி, சாம்பிராணி எதுவும் அந்த நாட்களில் வேண்டாம்.

மார்ச் மாதம் நண்பர்களோடு குரங்கணி மலை ஏறலாமா?
– வாசகர், அம்பத்தூர்

வேண்டாம். 2018 மார்ச்சில் அங்கே மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, சரிவு 10 டிகிரி கூடினாலே வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், உங்களால் அதை முந்த முடியாது. மழைக்காலம் முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது, வனத்துறை அனுமதியோடு போய் வாருங்கள்.