மாவு பொங்கவில்லை, தயிர் நூல் விடுகிறது: புளிப்பு பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: நொதித்தலும் புளித்தலும் ஒன்றுதானா?

பதில்: புளித்தல் நொதித்தலில் ஒரு வகை. நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் விட்டால் புளிக்கும். தயிரும் இட்லி மாவும் அப்படி. ஈஸ்ட் தின்றால் சாராயமும் கரியமில வாயுவும் வரும். கள்ளும் ரொட்டி மாவும் அப்படி. பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் தலையெடுக்காது, பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் கள்.

கேள்வி: குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. சோடா உப்பு போடலாமா?

பதில்: சோடா உப்பு வாயுவைத் தரும், புளிப்பைத் தராது. கூடினால் இட்லி மஞ்சளடிக்கும், வாயில் கார நெடி அடிக்கும். அதை விட்டுவிட்டு உளுந்தைப் பாருங்கள். மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகிறது. அது விடும் வாயுவைப் பிடித்து வைப்பதும் உளுந்தின் வழவழப்புதான். பழைய உளுந்தில் அந்த வழவழப்பு குறைந்துவிடும்.

4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் உளுந்தை அரையுங்கள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்டணும். மிக்ஸி என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள், சூடேறினால் மாவு கெடும்.

28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 மணி நேரம் போதும். குளிரில் 16 மணி கூட ஆகலாம். விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவன் அடுப்புக்குள் வைக்கலாம். அடுப்புப் பக்கத்தில் வைத்து ஓரம் வெந்துபோக விடாதீர்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், இல்லையென்றால் காலையில் மேடை துடைக்கிற வேலைதான்.

கேள்வி: மாவு நன்றாகப் பொங்கியும் இட்லி தட்டையாக வருகிறதே?

பதில்: பொங்கிய மாவை அடிவரை கலக்கியிருப்பீர்கள். மேலாக அள்ளி ஊற்றுங்கள். பொங்கி அமுங்கிவிட்ட மாவு தோசைக்கு.

கேள்வி: தயிர் நூல் நூலாக வருகிறது. குடிக்கலாமா?

பதில்: வாடையும் நிறமும் சரியாக இருந்தால் பயமில்லை. சில பாக்டீரியாக்கள் பசை போன்ற ஒன்றைச் சுரப்பதால் வருவது அது. பால் நன்றாக ஆறிப்போன பிறகு உறை ஊற்றினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். விரல் பொறுக்கும் சூட்டில், அதாவது 40 டிகிரி வாக்கில், அரை லிட்டருக்கு 1 தேக்கரண்டி உறைமோர் விடுங்கள். உறையையும் வேறு வீட்டில் வாங்குங்கள். அதே உறையென்றால் அதே நூல்.

கேள்வி: மாவின் மேல் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கிறது. வழித்துவிட்டு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். சிவப்பு, பச்சை, கறுப்பு எது தெரிந்தாலும் மொத்த மாவையும் கொட்டிவிடுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.